இமையில தங்கம் வெட்டுற பேத்திக்கு

இன்னா கண்ணு, கண்ணாடி முன்னாடி குந்திகினு ஒரு மணி நேரமாச்சு. ஒரு கண்ணு கல்யாண வீட்டுக்குக் கிளம்பிடுச்சு, இன்னொண்ணு இன்னும் பாயை விட்டு எழுந்திருக்கலை. ரெண்டும் ஒரே மூஞ்சிதானே? கோவிச்சுக்காத. தாத்தனுக்கு இன்னா தெரியும்னு நீ வாய்க்குள்ள திட்டுறது கேக்குது. ட்ரில்லு புடிச்ச காது இது, சோறு ஆச்சுன்னு கூப்பிட்டாக் கேக்காது, திட்டுனா மட்டும் டாண்ணு வுழும்.

போன்ல ஒருத்தி வர்றாளே, அஞ்சு நிமிசத்துல ஐஷேடோன்னு, அவளை நானும் உன் முதுகுக்குப் பின்னால குந்தி பாத்துகினுதான் இருக்கேன். பாட்டிகிட்ட சொல்லிடாத.

மொதல்ல அந்தப் பொட்டியைத் திருப்பு. முன்னாடி கோல்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான் இல்ல, பின்னாடி பூதக்கண்ணாடி வெச்சாத்தான் தெரியிற எழுத்துல ஒண்ணு போட்டிருப்பான், அதைப் படி. மைக்கா. அப்புறம்? சி.ஐ. 77891. அது டைட்டானியம் டை ஆக்சைடு, வெள்ளைப் பொடி, சுவத்துக்கு அடிக்கிற பெயிண்ட்டுலயும் அதான். சி.ஐ. 77491, 77492. அது ரெண்டும் செவப்பு, மஞ்சள் இரும்பு ஆக்சைடு. நம்ம பாஷையில துரு. சரி, 77480 எங்கனா இருக்குதா பாரு. நல்லா தேடு. இல்லையா? அதுதான் தங்கத்தோட நம்பரு.

ஆகமொத்தம், நூத்தி இருபது வருசத்துல சுமார் 800 டன் தங்கம் வெட்டிக் குடுத்த கே.ஜி.எஃப். ஊருல பொறந்துட்டு, காசு குடுத்துத் துருவை வாங்கி இமையில பூசிகினு இருக்கே. 2001 பிப்ரவரி 28-ல மைன்ஸை இழுத்து மூடுனானுங்களே, அந்தக் கடைசிக் காலத்துல ஒரு டன் பாறையை ஒடைச்சா மூணு நாலு கிராம் தேறுறதே பெரும்பாடு, கட்டுப்படி ஆகலைன்னானுங்க. உன் பொட்டியில ஒரு பொட்டுகூட இல்ல, அவனுக்கு மட்டும் கட்டுப்படி ஆவுது பாரு. மைன்ஸை நடத்துன ஜான் டெய்லர் கம்பெனிக்கு இந்த யோசனை வராமப் போச்சு.

அப்ப மினுங்குறது எதுன்னு கேளு. காக்காப்பொன்னு, அதான் அந்த மைக்கா. அதை ஏடு ஏடா உரிச்சு, மாவா அரைச்சு, ஒவ்வொரு செதில் மேலயும் டைட்டானியத்தை மெல்லிசா ஒரு படலம் ஏத்துவாங்க. படலத்தோட கனம் மாற மாற வெளிச்சம் திரும்பி வர்ற நெறமும் மாறும். வெள்ளி, ரோஸு, நீலம் எல்லாம் அந்தக் கணக்குதான். டைட்டானியத்துக்குப் பதிலா துருவை ஏத்துனா தங்கம், வெண்கலம், செம்பு. வேலைக்காரனுங்கதான், இல்லைங்கலை.

அந்தக் காக்காப்பொன்னு நிறைய வர்றது ஜார்க்கண்டுல கோடர்மா, கிரிடிஹ் பக்கத்துலருந்து. 1980-ல காட்டுச் சட்டம் வந்த பொறவு லைசென்ஸ் வெச்ச சுரங்கமெல்லாம் ஒண்ணொண்ணா மூடிப் போச்சு. மண்ணுக்குள்ள இருக்கிறது சட்டத்துக்குப் பயந்து ஓடிப்போவுமா? வயித்துக்கு இல்லாத ஜனம் ஆள் நுழையிற பொந்தாத் தோண்டி, புள்ளைங்களையும் கூட்டிகினு போய் துணுக்கு பொறுக்குது. 2016-ல தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளைக்காரங்க போய் விசாரிச்சாங்க. ரெண்டே மாசத்துல ஏழு புள்ளைங்க அந்தச் சுரங்கங்கள்ல செத்திருக்குது, வெளிய தெரியாம அமுக்கியிருக்கானுங்க. பொட்டியைத் தூக்கிப் போடுன்னு சொல்ல வரலை. சுரங்கத்துக்காரன் வீட்டுப் பொண்ணு தெரிஞ்சுகினு பூசு. அடுத்த தபா வாங்குறப்ப ஃபேக்டரியிலயே செஞ்ச மைக்காவா பாத்து வாங்கு. பொட்டிக்குப் பின்னாடி ‘சிந்தெடிக் ஃப்ளோர்ஃப்ளோகோபைட்’னு இருக்கும். அந்தப் பேரை நீ ஒரே மூச்சுல தடுமாறாம சொல்லிட்டா பிரஷ்ஷுக்கு நான் காசு தர்றேன். எங்க, சொல்லு. நினைச்சேன். காசு தப்பிச்சுது.

வேலைக்கு வருவோம். மொதல்ல எடத்தை மாத்து. சிவனசமுத்திரத்துலருந்து காவிரிக் கரண்டு 1902-லயே வந்த ஊரு இது, பெங்களூருக்கே மூணு வருசம் கழிச்சுதான் போச்சு. அந்தப் பெருமைக்காக டியூப்லைட்டுக்கு நேர் கீழ குந்தணும்னு இல்ல. மேலருந்து வெளிச்சம் வுழுந்தா புருவத்தோட நெழல் கண்ணுல எறங்குது, அந்த நெழலுக்கு மேல நீ நெழல் பூசுறே. ஜன்னலுக்கு எதிர்ல மூஞ்சியை வை.

கையைக் கழுவு. லென்ஸ் போடுறதா இருந்தா இப்பவே போட்டுடு. மூஞ்சிக்கு க்ரீம் போட்டிருந்தா அது உள்ள எறங்குற வரைக்கும் சும்மா இரு, உன்னால முடியாது, தெரியும், இருந்தாலும் இரு. இமையில எண்ணெய்ப் பசை இருந்தா பந்தி முடியிறதுக்குள்ள சாயமெல்லாம் வழுக்கி மடிப்புல கோடாச் சேந்துடும். பிரைமர் இருந்தா துளியூண்டு, இல்லைன்னா கன்சீலரைத் தொட்டு விரலால தட்டித் தட்டிப் பரப்பு, மேல கொஞ்சமா பவுடர். கொஞ்சமான்னு சொன்னேன்.

அடுத்து அந்தப் போன்காரி தொடுற நெறத்தைத் தொடாத. இதுலதான் எல்லாப் புள்ளைங்களும் ஏமாறுதுங்க. அவ வெள்ளைத் தோலுக்கு அந்த வெளிர் மண்ணு நெறம் ஒரு சாயல் கருப்பு, அதனால நெழலாத் தெரியுது. உன் இமைக்கு அதுவே வெளுப்பு. போட்டா திருநீறு கொட்டுன கணக்கா வெளிறிக் கெடக்கும், நாலு பேரு ஒடம்பு சரியில்லையான்னு விசாரிப்பாங்க. நம்ம நெறத்துக்கு செங்கல், காவி, ஆரஞ்சு கலந்த பழுப்பு. உன் தோலைவிட ஒரு சாயல் கூட இருக்கணும், அவ்வளவுதான் சூத்திரம். பொட்டியில அந்த நெறத்தைத்தான் நீ இன்னும் தொடவே இல்ல.

கண்ணைத் தொறந்து கண்ணாடியில நேராப் பாரு. கண்ணை மூடிகினு போட்டா, தொறக்குறப்ப போட்டது மடிப்புக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். இமை மடியிற கோட்டுலயும், அதுக்குக் கொஞ்சம் மேலயும் அந்த நெறத்தைப் போடு. புசுபுசுன்னு இருக்கிற பிரஷ் எடு. வாலைப் புடி, கழுத்தைப் புடிக்காத. கழுத்தைப் புடிச்சா கை அழுந்தும், அழுந்துனா திட்டு வுழும். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மெதுவா ஆட்டு. பாட்டிக்கும் போட்டு வுடுறேன்னு நேத்து ஆசை காட்டியிருக்கே. அவளுக்கு இமை தொங்கிப் போச்சு, மடிப்புக்கு நல்லா மேல ஏத்திப் போடு, மினுமினுப்பு வேணாம், சுருக்கமெல்லாம் எடுத்துக் காட்டிடும். இதை நான் சொன்னேன்னு அவகிட்ட சொன்னா உனக்குத் தாத்தா இருக்கமாட்டான்.

அப்புறம் ஆழம். கரும்பழுப்பை சின்ன பிரஷ்ல தொட்டு, கண்ணோட வெளியோரத்துல, படுக்க வெச்ச ‘வி’யா போட்டு, மடிப்புல பாதி தூரம் உள்ள இழு. அங்கதான் நீ தடுக்கி வுழுந்திருக்கே. மைன்ஸ் ஷாஃப்ட்டுல ஆளுங்களை ஏத்திகினு கேஜு எறங்குறப்ப மேல வெளிச்சம் இருக்கும், எறங்க எறங்க இருட்டும். எந்த அடியில வெளிச்சம் முடிஞ்சு இருட்டு ஆரம்பிச்சுதுன்னு உள்ள நிக்கிற ஒருத்தனாலயும் சொல்ல முடியாது. சாம்பியன் ரீஃபுல மூணு கிலோமீட்டருக்கு மேல எறங்குனாங்க, எவனும் நடுவுல கோட்டைப் பாக்கலை. உன் கண்ணுல மட்டும் கருப்பு வேலி போட்டு நிக்குது. சாயம் இல்லாத சுத்தமான பிரஷ்ஷை எடுத்து அந்த ஓரத்தை மட்டும் கலை. புதுசா சாயம் சேக்காத. கலைஞ்சுதா? பத்தலைன்னா அப்ப துளி சேத்துக்க. சேக்குறது எப்ப வேணா ஆவும், சேத்ததை எடுக்குறதுதான் கஷ்டம்.

இப்ப உன் தங்கம், அதான், துரு. இதுக்கு பிரஷ்ஷு வேணாம், மோதிர விரலே போதும். நடு இமையில வெச்சு அமுக்கு, தேய்க்காத. அமுக்குனா செதில் படுத்துகினு பளிச்சுன்னு வெளிச்சம் காட்டும், தேய்ச்சா கன்னமெல்லாம் மினுங்கும். பிரஷ்தான் வேணும்னா லேசா ஈரம் பண்ணிக்க. மூக்கு ஓரத்துல, கண்ணு ஆரம்பிக்கிற முனையில ஒரு பொட்டு வெச்சா ராத்திரி தூங்காதவளும் தூங்குனவளாத் தெரிவா. ஸ்கூல் நோட்டுல ஒட்டுற கிளிட்டர் ஒரு பாக்கெட் மேசை மேல கெடக்குதே, அதை இப்பவே எடுத்து உள்ள வை. ஓரம் கூரா வெட்டுன பிளாஸ்டிக்கு அது. கண்ணுக்குள்ள போனா கருவிழியைக் கீறிடும், அப்புறம் கல்யாணச் சாப்பாடு கண்ணாஸ்பத்திரியிலதான்.

ஊதாத! பிரஷ்ஷை ஊதாதன்னு சொல்றேன். இத்தினி நேரம் கிண்டல் பண்ணேன், இது கிண்டல் இல்ல. ஷிஃப்ட் முடிஞ்சு மேல வர்றப்ப எங்க கண்ணைச் சுத்தியும் கருப்பாத்தான் அப்பியிருக்கும், கம்பெனி செலவுல ஸ்மோக்கி ஐ. அந்தத் தூசி கண்ணைச் சுத்தி மட்டும் நின்னிருந்தா இந்த லைன் வீடுங்கள்ல இத்தினி பேரு இருமி இருமிப் போய்ச் சேந்திருக்கமாட்டாங்க. சிலிகோசிஸ். நுரையீரலுக்குள்ள எறங்குன பாறைத்தூசி திரும்பி வெளிய வராது. உன் டப்பாவுல இருக்கிறது அந்தப் பாறை இல்ல, ரெண்டு ஊது ஊதுனா ஒண்ணும் ஆவாது, ஒத்துக்கிறேன். இருந்தாலும் பொடியை மூஞ்சிக்கு நேரா ஊதுறதை இந்த வீட்டுல பாக்க எனக்குப் புடிக்கலை. டப்பா விளிம்புல பிரஷ்ஷைத் தட்டு. கன்னத்துல கொட்டுனதைப் பெரிய பிரஷ்ஷால தள்ளி வுடு. கண்ணை முடிச்சுட்டு மூஞ்சிக்குப் போனா அந்தக் கவலையே இல்ல, நீதான் மூஞ்சியை முடிச்சுட்டு கண்ணுக்கு வந்திருக்கே.

கீழிமைக்கு அந்த செங்கல் நெறத்தையே மெல்லிசா ஓட்டு. அப்புறம் மை. கடை மை தீந்துபோச்சுன்னு மொணவாத, பாட்டிகிட்ட கேளு. வெள்ளைத்துணியை கரிசலாங்கண்ணிச் சாத்துல நனைச்சு, நெழல்ல காயவெச்சு, திரியாத் திரிச்சு, வெளக்கெண்ணெய் வெளக்குல ஏத்தி, மேல பித்தளைத் தட்டைக் கவுத்து வெப்பா. காலையில கரியை வழிச்சு அதே எண்ணெயில குழைச்சா மை. இமை முடிக்கு வெளிய கோடாப் போடு, உள்விளிம்புல அப்பாத. யாராவது சுர்மான்னு கல்லுப்பொடி குடுத்தா மட்டும் வாங்காத. பழைய சுர்மா கலீனாக் கல்லு, ஈயம் எடுக்குற கல்லு. எகிப்துக்காரன் அந்தக் காலத்துல அதைத்தான் மையாவும், மாலகைட்டுங்கிற செம்புக் கல்லைப் பச்சையாவும் கண்ணுல பூசியிருக்கான். தெருக்கூத்துல மூஞ்சிக்குப் போட்ட அரிதாரம்கூட பாஷாணக் கல்லுதான், உள்ள ஆர்செனிக்கு. அழகுக்கு மனுசன் பூமியைத் தோண்டாத காலமே இல்ல, தோண்டுனவன் மூஞ்சியிலதான் ஒண்ணும் ஒட்டலை.

ஒட்டலைன்னா சினிமாக்காரன் வந்து ஒட்டுவான். கே.ஜி.எஃப். படத்துக்கு மைன்ஸ் கழிவு கொட்டுன நம்ம சயனைடு மேட்டுல ஷூட்டிங் எடுத்தாங்க, 2018-ல ரிலீஸு. அப்புறம் தங்கலான், அது 2024. நல்லா இருக்கிறவங்களுக்கெல்லாம் மூஞ்சியில அழுக்கு பூசுறதுக்கு ஆளு வெச்சுச் சம்பளம் குடுத்தாங்க. எங்களுக்கு அழுக்கையும் மைன்ஸ் கம்பெனிக்காரங்களே குடுத்து, அதுக்குச் சம்பளத்தையும் கம்மியாக் குடுத்தாங்க. நான் தங்கலானுக்குப் போனது கதைக்காக இல்ல, மேக்கப்பைப் பாக்கத்தான். ஓரம் கலைச்சிருந்தான், நல்ல கை.

திங்கக்கெழமை ஆபீசுக்கும் இதே லுக்குன்னு பேசிகினு இருந்தே. மாரிக்குப்பம் ரயில்ல குந்திகினு போட்டுக்கலாம்னு மட்டும் நெனைக்காத. சாம்பியன்ல மடிப்பு, உரிகத்துல ஓரம், கோரமண்டல்ல தங்கம்னு நீ கணக்கு வெச்சிருப்பே, பங்காரப்பேட்டையில ஒரு குலுக்கு குலுக்கும், ஐலைனர் காது வரைக்கும் போயிடும். ஆபீசுக்கு அந்த காவி ஒண்ணு போதும், வீட்டுலயே ரெண்டு நிமிசம், மேல மை.

சித்தி பொண்ணு மண்டபத்துல பிரஷ்ஷைக் குடுன்னு கேப்பா. குடுக்காத. ஒருத்திக்கு மெட்ராஸ் ஐ வந்தா பந்தியே செவக்கும். அவளுக்கு விரல் இருக்குது இல்ல? மஸ்காரா டப்பாவைத் தொறந்து மூணு மாசம் தாண்டியிருந்தா தூக்கிப் போடு, விலையைப் பாக்காத. பிரஷ்ஷுங்களை வாரத்துக்கு ஒருதபா ஷாம்பு போட்டு அலசி, படுக்க வெச்சுக் காயவுடு. நட்டுக்க நிக்கவெச்சா தண்ணி அடியில எறங்கிப் பசை வுட்டுடும்.

ராத்திரி வந்து அப்படியே பாய்ல சாயாத. பஞ்சுல தேங்காயெண்ணெயைத் தொட்டு இமை மேல கொஞ்ச நேரம் வெச்சுகினு இரு, தானா எளகும், அப்புறம் மேலருந்து கீழ ஒரே இழுப்பு, தேய்க்காத, அப்புறம் மூஞ்சியைக் கழுவு. எண்ணெய் கொழம்பு அலமாரியில மஞ்ச மூடி பாட்டில்ல இருக்குது. பச்சை மூடி பாட்டிலைத் தொடாத, அது பாட்டி தலைக்குக் காய்ச்சுனது, எந்த அளவுல இருக்குதுன்னு அவ கோடு போட்டு வெச்சிருக்கா. போன வாரம் அந்தக் கோடு எறங்குனதுக்கு நான் உன் பேரைத்தான் சொல்லியிருக்கேன்.