ஐந்து பிஎஸ்ஐ பொய்

மாமனார் விட்டுச்சென்ற 1974 மாடல் காரில் ஆயில் பிரஷர் முள்ளுக்கு மட்டும் என்னைப் பிடிக்காது. இன்ஜின் சூடாகி சிக்னலில் நின்றால் ஐந்துக்கு இறங்கிப் படுத்துவிடும்.

"அப்பா ஓட்டினப்போ இப்படி இறங்கினதே இல்லை" என்பாள் மனைவி. இறங்கியது முள்ளா, நானா என்று நான் கேட்டதில்லை.

சென்சார்தான் போயிருக்கும் என்று நானே கண்டுபிடித்தேன். புதுசு வாங்கி, ஆயில் கசியக் கூடாதே என்று மரையில் டெஃப்லான் டேப்பை எட்டுச் சுற்று சுற்றி இன்ஜினில் முடுக்கினேன். ஸ்டார்ட் செய்தால் முள் பூஜ்யத்தை விட்டு எழவே இல்லை. பதறி அணைத்தேன். தெருப் பையன்கள் நால்வர் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கூடவே நடந்தேன், இறுதி ஊர்வலத்தில் மருமகன் நடப்பது போல.

மெக்கானிக் சென்சாரைக் கழற்றினார். அந்தத் துளையிலேயே தன் சொந்த மீட்டரை மாட்டி ஓட்டினார். ஓட்டத்தில் 45; சூடாகி ஐடிலில் 20. "இன்ஜின் கல்லாட்டம் இருக்கு சார்" என்றவர், என் டேப்பை நகத்தால் உரித்தார். "இதுக்கு ஒத்தை ஒயர்தான். எர்த்து மரை வழியாத்தான் கிடைக்கணும். நீங்க அதுக்குச் சொக்காய் போட்டு மூடியிருக்கீங்க."

மூல வியாதி அதுகூட இல்லை. ஒயர் முனையில் பச்சைக் களிம்பு. கரண்ட் சரியாகப் போகாததால் முள் குறைத்துக் காட்டியிருக்கிறது. உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு. முள் 15-க்கு வந்தது.

"இன்னும் அஞ்சு இடிக்குதே?"

"அதோட விட்டுடுங்க சார்."

விடுகிற ஆளா நான்? கரண்டே வேண்டாத மீட்டர் ஒன்றை வாங்கினேன். 1849-இல் பிரான்சில் யூஜின் பூர்தோன் காப்புரிமை பெற்ற சங்கதி: உள்ளே வளைந்த தட்டைக் குழாய், அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும், அந்த அசைவே முள்ளைத் தள்ளும். திருவிழாவில் ஊதினால் நீளுமே காகிதச் சுருள் பீப்பி, அதன் பெரியப்பா. இன்ஜின் ஆயிலையே சன்னமான செப்புக் குழாயில் டாஷ்போர்டுவரை கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தேன். முதல் நாள் என் வெள்ளை வேட்டிவரைகூட வந்தது. நட்டை இறுக்கியபின் 20 என்றால் 20.

அடுத்த ஞாயிறு, மைத்துனர் வீட்டுச் சீமந்தத்துக்குப் போகையில், புளியமரத்தடியில் கார் இருமி நின்றது. பெட்ரோல் முள் கால் டாங்க் என்றது, டாங்கோ காலி. செப்புக் குழாயை நுழைத்தபோது, மற்ற மீட்டர்களுக்கு வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெபிலைசரின் எர்த்தை என் முழங்கைதான் பிடுங்கியிருக்கிறது. முழு பேட்டரியும் பாய்ந்ததில் பெட்ரோல் முள்ளுக்குத் திடீர்ப் பணக்காரத்தனம்.

பட்டுப்புடவையில் நின்ற மனைவி எதுவும் பேசவில்லை; டாஷ்போர்டையே பார்த்தாள். ஆயில் முள் பூஜ்யத்தில் இருந்தது.

"நின்ன இன்ஜினுக்கு அதுதான் கரெக்ட் ரீடிங்" என்றேன்.