பச்சை வேட்டிச் செட்டியார்

கொட்டாம்பட்டியில் கடல் கிடையாது. மழை பெய்தால்தான் கண்மாயே கண்மாய். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மலேசியாவின் பினாங்குத் துறைமுகத்தின் பழைய படக் கார்டுகளைச் சேர்க்கிறேன் என்றால் வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும்? "பழைய பேப்பர்க்காரரே எடைக்குத்தான் வாங்குறாரு. நீங்க ஒத்தக் கார்டுக்குக் காசு குடுக்குறீங்க" என்றாள் மனைவி.

ஆனால் பினாங்கு எங்களுக்கு அசலூர் இல்லை. பக்கத்துச் சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் கப்பலேறி இந்தோனேசியாவின் மேடானுக்குப் போனவர். திரும்பி வந்து 'புயலிலே ஒரு தோணி' நாவலை எழுதினார். அதில் பினாங்குத் தெருக்கள் எங்கள் சந்தைத் தெரு மாதிரி வரும்.

அந்த ஊரை 1786-இல் ஆங்கிலேயர் கொடிக்குக் கீழ் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் லைட். காடு வெட்ட ஆள் மசியவில்லையாம். பீரங்கியில் வெள்ளிக்காசை அடைத்துக் காட்டுக்குள் சுட்டாராம், பொறுக்கப் போனவர்கள் வழியெல்லாம் வெட்டித் தள்ளினார்களாம். கதைதான். ஆனால் நூறு நாள் வேலைக்குக் கூலியை இப்படிக் கொடுத்தால் எங்கள் கண்மாயில் ஒரே வாரத்தில் கருவேலம் இருக்காது.

பின்னால் கேமராக்காரர்கள் வந்தார்கள். கோயில், துறைமுகம், ரிக்‌ஷா எல்லாம் எடுத்து முடித்ததும் கண்ணில் பட்டவர் நம்ம ஆள். பினாங்கு ஸ்ட்ரீட் வட்டிக்கடைக் கிட்டங்கியில், தரையில் கைப்பெட்டியை வைத்துக்கொண்டு செட்டியார் உட்கார்ந்திருக்கிறார். வட்டியில்லாமல் அவரிடம் எதையாவது வாங்கிப்போன ஒரே மனுஷன் அந்தப் படக்காரராகத்தான் இருக்கும்.

அந்தக் காலத்துக் கார்டுகளில் பல அச்சானது ஜெர்மனியில். வர்ணம் பூசியவர் வேட்டியைக் கண்டிருப்பாரா? என் கையிலுள்ள கார்டில் செட்டியார் பச்சை வேட்டி கட்டியிருக்கிறார். 1902-இல் இங்கிலாந்தில் விதியை மாற்றும்வரை பின்பக்கம் முழுக்க விலாசத்துக்கு மட்டும்தான். சேதியைப் படத்தின்மேலேயே எழுத வேண்டும். அதனால் செட்டியார் தொப்பைமேல் யாரோ ஒரு துரை ஊர் வெயிலைத் திட்டி நாலு வரி கிறுக்கியிருக்கிறார். நம்ம ஆட்கள் ஊருக்குப் போட்டதெல்லாம் படமில்லாத கடுதாசி: நலம், நலமறிய அவா, பணம் கிடைத்ததா. படத்தில் இருந்தவர் மட்டும் லண்டனுக்கும் ஹாம்பர்க்குக்கும் போய்விட்டார். அவரைத்தான் நான் இப்போது தபால் செலவோடு ஊருக்குக் கூட்டிவருகிறேன்.

கார்டின் அடியில் 'கிளிங்' என்று அச்சிட்டிருக்கிறது. பினாங்கில் தமிழர்களுக்கு அப்போது வழங்கிய பெயர்; இன்றைக்கு அது வசவு. கலிங்கம் என்பதிலிருந்து வந்தது என்கிறார்கள். கலிங்கம் எங்கே, கொட்டாம்பட்டி எங்கே!

மனைவி கார்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இவரு பேரு என்ன?"

"போடலை."

"போட்டிருந்தா மொய் நோட்டுல பாத்து, நமக்கு என்ன முறைன்னு சொல்லியிருப்பேன்ல."