பூட்டு ஊரில் சாவி யாரிடம்?

கேள்வி: மருந்தாளுநருக்குத் தலைமைப் பண்பு, நிர்வாகத் திறன் எல்லாம் எதற்கு? சீட்டைப் பார்த்து மாத்திரையை எண்ணிக் கொடுத்தால் போதாதா? (வாசகர், வேடசந்தூர்)

பதில்: எண்ணுவதற்கு இயந்திரமே போதும், எண்ணிப் பார்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கிக் கிடங்குகளில் வைக்கிறது. அரசு மருத்துவமனைகளுக்கு வங்கிக் கணக்கு மாதிரி பாஸ்புக் உண்டு. அதில் ஒதுக்கிய தொகைக்குள் எதை, எவ்வளவு எடுப்பது? மழைக்காலக் காய்ச்சலுக்கு முன்பே பாராசிட்டமால் கேட்க மறந்தால் வரிசை வாசலைத் தாண்டும். அள்ளிக் கேட்டால் காலாவதித் தேதி முந்திக்கொள்ளும். ‘அதற்குத்தான் டாக்டர் இருக்கிறாரே’ என்பீர்கள். பாவம், அவர் நோயாளியைப் பார்ப்பாரா, அலமாரியைப் பார்ப்பாரா?

‘தனியார் கடையில் முதலாளி சொல்வதுதானே சட்டம்?’ என்றும் கேட்கலாம். இல்லை. 1948-ம் ஆண்டின் பார்மசி சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான். முதலாளி முறைத்தாலும், சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கேட்பவரிடம் அவர் மனம் கோணாமல் ‘கிடையாது’ என்பது திண்டுக்கல் பூட்டைவிடக் கெட்டியான திறமை. கூடுதல் கட்டுப்பாடு உள்ள ‘எச்1’ பட்டியல் மருந்தை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி, அந்தப் பதிவேட்டை 3 ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.