அசலத்தில் பறவைகள்

உலகம் சுற்றுவோர் ஆயிரக்கணக்கில் பறவையினங்களைப் பட்டியலிட்டுப் போட்டியிடுகையில், பீங்கான் கிளிகளைச் சுட்டெடுக்கும் எங்கள் விருத்தாசலத்தில் நாங்கள் எதை எண்ணுவது?

தங்கள் ஊர்ப்பெயரிலேயே 'அசலம்' இருக்கிறதே. அசையாதது என்று பொருள்படும் அச்சொல், பறவை நோக்குபவருக்கு வேண்டிய முதல் லட்சணத்தையே குறிப்பதன்றோ? 2015ஆம் ஆண்டில் நோவா ஸ்ட்ரைக்கர் என்ற அமெரிக்கர் 41 தேசங்களில் சஞ்சரித்து 6,042 இனங்களைக் கண்டது பெருஞ்சாதனைதான். ஆயினும் அதே ஆண்டில் தமிழகத்தில் ஆரம்பித்த பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, 15 நிமிஷமேனும் பொறுமையோடு நோக்கி, வாசலில் வந்த காகத்தையும் மைனாவையும் எண்ணி எழுதுகிறவரையும் அன்புடன் ஏற்றுக்கொள்கிறது. மணிமுத்தாற்றங்கரைக்குக் குளிர்காலத்தில் வலசை வரும் மஞ்சள் வாலாட்டி முதன்முதல் தென்பட்ட தேதியை வருஷந்தோறும் தாங்கள் குறித்து வந்தால், அது வாராத வருஷத்தையும் அந்தப் பட்டியலே அறிவித்துவிடும். விமானமேறிப் போகிறவரால் அதை அறிய இயலாது.

வீட்டுக் கூண்டிலிருக்கும் பச்சைக்கிளியைப் பட்டியலில் சேர்க்கலாமா?

சுதந்திரமாகப் பறப்பவற்றுக்கே அதில் இடம். கூண்டுக்கிளியை எழுதினால் அது பட்டியலாகாது, வாக்குமூலமாகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியை அடைத்து வளர்ப்பது குற்றம்.