கழுத்தில் தொங்கும் ஞானம்

பறவை பார்க்கக் கிளம்பும் எந்தக் கூட்டத்திலும் இவர் ஒருவர் இருப்பார். மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் நின்று எல்லோரும் நாமக்கோழிகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். இவர் எண்ணுவது அடுத்தவர் கழுத்தில் தொங்கும் பைனாகுலர்களை.

புதிதாக வந்த பையனிடம் பெயர், ஊர் எதுவும் கேட்க மாட்டார். "குடுங்க தம்பி, பாப்போம்" என்று கை நீட்டுவார். வாங்கியதைக் கண்ணில் வைக்கவும் மாட்டார். கையை நீட்டி, வானத்துக்கு நேரே பிடித்து, கண் வைக்கும் பக்கத்தில் தெரியும் வெளிச்ச வட்டத்தை உற்றுப் பார்ப்பார். எக்ஸ்ரே பார்க்கும் டாக்டரின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். "வட்டம் முழுசா இல்லையே. ஓரத்துல சதுரமா வெட்டுது. உள்ள பிரிசம் பிகே-7. பேக்-4 வாங்கியிருக்கணும்." பையன் அடுத்த அரை மணி நேரம் பறவை எதையும் பார்ப்பதில்லை.

ஆனால் ஒன்று, அவர் சொல்வதில் தப்பே இருக்காது. "பத்து மடங்கு பெருசா தெரிஞ்சா நல்லதுதானே சார்?" என்று யாராவது கேட்டால் போதும். "உங்க கை நடுக்கமும் பத்து மடங்கு பெருசா தெரியும். பாக்குற பரப்பும் சுருங்கிடும். புதருக்குள்ள தாவுற தையல்சிட்டை எப்படித் தேடுவீங்க? எயிட் பை ஃபார்ட்டி டூ வாங்குங்க. நாப்பத்திரண்டை எட்டால வகுத்தா அஞ்சே கால் மில்லிமீட்டர். அதான் கண்ணுக்குள்ள போற ஒளிக்கற்றையோட அகலம். மூக்குக்கண்ணாடி போடறவங்களா? அப்போ ஐ ரிலீஃப் பதினஞ்சு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது." அவர் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் எல்லாரும் இன்று உள்ளான்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்கிறார்கள். அவருக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

வீட்டில் நான்கு வைத்திருக்கிறார். காட்டுக்கு ஒன்று, கடற்கரைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. லட்சங்களில் விலை கொடுத்த நான்காவது, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு முறுக்கு டப்பாவுக்குள் இருக்கிறது. சென்னைக் காற்றின் ஈரம் பட்டால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடுமாம். உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்தது, தண்ணீரில் முக்கினாலும் ஈரம் புகாது என்று நமக்கெல்லாம் விளக்கியவரும் அவரேதான். இரண்டு தீபாவளிகளாக முறுக்கு பிளாஸ்டிக் வாளியில்தான் கிடக்கிறது என்று வீட்டம்மா சொன்னதாகக் கேள்வி.

திடீரென்று சதுப்புநிலம் முழுக்க ஒரு பதற்றம். கிளுவைகள் கூட்டமாக எழும்பின. நாணல் உச்சியைத் தடவியபடி சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று வந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அவரும் பார்த்தார்.

"சார், ஆணா பெண்ணா?" என்றான் பையன்.

"அதை விடுங்க. ரெக்கை ஓரத்துல ஊதாக் கோடு தெரிஞ்சுதா? இ.டி. கண்ணாடியா இருந்தா அது வராது."

இப்போது ஐந்தாவதாக செவன் பை ஃபிஃப்டி ஒன்று வாங்கும் யோசனையில் இருக்கிறார். அந்தி வெளிச்சத்துக்கு அதுதானாம். ஒளிக்கற்றை ஏழு மில்லிமீட்டருக்கு மேல். எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கண் டாக்டர் ஒருவர் உண்டு. அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் மெல்லச் சொன்னார்: "சார், நம்ம வயசுல கண் பாப்பா இருட்டுல கூட அஞ்சு மில்லிமீட்டர் விரிஞ்சா பெரிய விஷயம். நீங்க குடுக்கிற காசுல பாதி வெளிச்சம் கண்ணுக்குள்ளயே போகாது."

நண்பர் வாயடைத்துப்போனார். ஒரு கூழைக்கடா நிதானமாகக் கடந்து போகும் நேரம் வரை பேச்சில்லை. பிறகு டாக்டரின் தோளைத் தொட்டு ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார்.

"டாக்டர், கண்புரை ஆபரேஷன்ல வைக்கிறீங்களே லென்ஸ்... அதுல எந்தக் கம்பெனி கோட்டிங் நல்லது?"