செவலை முன்னால், நான் பின்னால்

தை மாதத்து விடியலில், மல்லிச் செடி பூத்துக் கிடக்கும் புஞ்சை வரப்பில், பனி நனைத்த காலோடு, பத்தடி முன்னால் போகிற ஒரு வாலைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறீர்களா? கரிசல் காட்டில் வளர்ந்தவர் என்றால் கட்டாயம் நடந்திருப்பீர்கள். கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் அப்போது எந்த நாய்க்கும் கழுத்துப்பட்டை கிடையாது, கயிறு கிடையாது. நாயை நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. நாம் காட்டுக்குப் போவோம், நாயும் வரும். மூலையில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டும் சத்தம் கேட்டால் போதும், திண்ணையோரம் சுருண்டு கிடந்த எங்கள் செவலை எழுந்து, முன்னங்காலை நீட்டி ஒரு நெளி நெளித்து, மூக்கிலிருந்து வால்நுனி வரைக்கும் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, எனக்கு முன்பாகத் தெருமுனையில் போய் நின்று திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பிப் பார்த்தல் இருக்கிறதே, அதற்காகவே நான் தினமும் அப்பாவுக்குக் கஞ்சித் தூக்கு கொண்டுபோகும் வேலையைத் தங்கைக்கு விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தேன்.

செவலை சிப்பிப்பாறைக் கலப்பு. ஒடுங்கிய முகம், ஆழ்ந்த நெஞ்சு, உள்ளே இழுத்த வயிறு, நீண்ட கால். வீட்டில் மிஞ்சிய கம்மஞ்சோறும் மோரும்தான் சாப்பாடு. இந்த வகை நாய்கள் மூக்கைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடுகிறவை. அதனால் அதன் தலை எங்கே உயர்கிறது என்பதில் ஒரு சேதி இருக்கும். இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர், எங்கள் புஞ்சையில் கிடை போட வருகிற ஒரு தாத்தா. அறுவடை முடிந்த காட்டில் இராத்திரி முழுக்க ஆடுகளை அடைத்து எருவுக்கு விடுவார்கள். அவரும் அவருடைய இரண்டு நாய்களும் காவல். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி அவர் சொல்வார்: “நாயப் பாக்காதய்யா, அது எதப் பாக்குதுன்னு பாரு. வால மட்டும் பாத்து ஏமாந்துறாத. முதுகப் பாரு, காதப் பாரு, எந்தக் கால்ல பாரம் நிக்குதுன்னு பாரு.”

பாரம் எந்தக் காலில் நிற்கிறது! இன்றைக்கும் எந்த நாயைப் பார்த்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. பாரம் முன்னங்காலில் இறங்கி, வால் மேலே ஏறி விறைத்து, நுனி மட்டும் சின்னதாகத் துடித்தால், அது வாலாட்டலே ஆனாலும் பக்கத்தில் போகக் கூடாது. பாரம் பின்னுக்குப் போய், உடம்பு தாழ்ந்து, காது பின்னால் ஒட்டிக்கொண்டால் பயம். அப்போதும் பக்கத்தில் போகக் கூடாது, ஏனென்றால் தப்பிக்க வழியில்லாத பயம்தான் கடிக்கும். இடுப்பு முழுவதும் சேர்ந்து ஆடுகிற வால் என்றால் கவலையே இல்லை, மடியில் ஏறிவிடும். முன்னங்கால் இரண்டையும் மண்ணில் பரப்பி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றால் விளையாடக் கூப்பிடுகிறது. அதற்குப் பிறகு வரும் உறுமலும் கடியும் எல்லாம் விளையாட்டுக் கணக்கு.

ஒருநாள் ஓடையைத் தாண்டும்போது முன்னால் போன செவலை சட்டென்று நின்றது. குரைக்கவில்லை. ஒரு முன்னங்கால் தூக்கியபடியே நிற்க, பாரம் முழுவதும் பின்னங்காலுக்குப் போயிருந்தது. காது இரண்டும் முன்னால் மடங்கி, பிடரியிலிருந்து முதுகு வரைக்கும் மயிர் எழுந்து நின்றது. முயலைக் கண்டால் தலை உயரும். இப்போது தலை தாழ்ந்திருந்தது. எனக்குப் பதினோரு பன்னிரண்டு வயது இருக்கும். தாத்தா சொன்னது ஞாபகம் வந்து, அது பார்க்கிற இடத்தையே பார்த்தேன். ஆவாரஞ் செடியடியில் சருகோடு சருகாகக் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. இரண்டு பேரும் அப்படியே பின்னால் நகர்ந்து, சுற்றிக்கொண்டு போனோம். அன்றைக்கு அந்த நாய் என்னிடம் ஒரு சத்தமும் போடாமல் சொன்ன விஷயத்தைவிடத் தெளிவாக, பின்னாளில் எத்தனையோ படித்த மனிதர்கள் எனக்கு எதையும் சொன்னதில்லை.

நாய்க்குப் பெயர் வைத்து நன்றி பாராட்டுவது நம் மண்ணில் பழைய வழக்கம். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் கிடைத்த பல்லவ மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், எருமைகளைக் காத்து மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். வீரனுக்கு நிகராக ஒரு நாயைக் கல்லில் ஏற்றிய அந்த ஊர்க்காரர்களும் அதன் பின்னால் நடந்து பழகியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஊரை விட்டுப் போய், வேலை, நகரம், மாடி வீடு என்று நெடுங்காலம் நாயில்லாமல் கழிந்து, இப்போது ஊர்ப்பக்கமே திரும்பி வந்திருக்கிறேன். என்னோடு நடப்பது மல்லி, மகள் தெருவிலிருந்து எடுத்து வந்து வளர்த்த நாட்டு நாய். மல்லிக்குக் கழுத்துப்பட்டை உண்டு, மார்வார் உண்டு, தடுப்பூசிக்கு அட்டை உண்டு, எத்தனை தூரம் நடந்தோம் என்று மகளுடைய கைப்பேசிக்குச் சொல்லும் கருவிகூட உண்டு. மல்லிச் செடி பூத்த புஞ்சையில் பாதிக்கு மேல் மஞ்சளும் வெள்ளையும் அடித்த கல் நட்டு மனைகளாகி, வீடும் வராமல் விவசாயமும் இல்லாமல் கிடக்கிறது. மிச்சத்தில் மக்காச்சோளம், அதைத் தேடிப் பன்றிகள் வர, பன்றிக்குப் பயந்து கம்பிவேலிகள் வந்துவிட்டன. ஓடையை வேலிக்கருவேல் மூடிவிட்டது. கிடை போட ஆள் வருவது அபூர்வம். வரப்பைப் பிடித்து நேராகப் போன பாதை இன்று நாற்கரச் சாலையில் முட்டி நிற்கிறது. அந்தப் பக்கம் போக வேண்டுமானால் மல்லியைத் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டும்.

எல்லாம் போயிற்று என்று புலம்பவும் மனம் வரவில்லை. அந்தக் காலத்து நாய் வாழ்க்கையில் கொடுமையும் இருந்தது. வெறிநாய் என்ற சந்தேகம் எழுந்தாலே கம்பை எடுத்துக்கொண்டு தெருவே கூடிவிடும். கடிபட்ட பிள்ளைக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள். அந்த அலறலைக் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு நாய்க்கு வருடத்துக்கு ஒரு தடுப்பூசி, கடிபட்டவர்க்குப் புஜத்தில் சில ஊசிகள் என்று அந்தப் பயம் சுருங்கிவிட்டது. முயல் வேட்டையும் அப்படித்தான். செவலை ஓடிய ஓட்டத்தின் அழகு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்தது சரி என்றே நினைக்கிறேன். முயல் இல்லாத காட்டில் நாய் எதைப் பார்த்துத் தலையை உயர்த்தும்?

தாத்தா கட்டிலில் உட்கார்ந்து சொன்னதை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தும் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மனிதரிலும் விலங்கிலும் உணர்ச்சி எப்படி வெளிப்படுகிறது என்பது பற்றி 1872இல் டார்வின் எழுதிய புத்தகத்தில், பகையோடு நெருங்கும் நாய் விறைத்து நிமிர்வதையும், அதே நாய் எஜமானைக் கண்டதும் உடம்பு குழைந்து தாழ்வதையும் எதிரெதிராக வைத்துக் காட்டியிருக்கிறார். கொட்டாவி விடுவது, மூக்கை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொள்வது இவையெல்லாம் சண்டை வேண்டாம் என்று நாய் சொல்லும் ஜாடைகள் என்று நார்வேக்காரப் பயிற்சியாளர் தூரிட் ருகாஸ் எழுதினார். தாத்தாவுக்கே எட்டாத ஒன்றை இத்தாலியில் கண்டுபிடித்தார்கள்: எஜமானைப் பார்க்கும்போது நாயின் வால் அதன் வலப்பக்கம் கூடுதலாக வீசுகிறது, மிரட்டும் அந்நிய நாயைப் பார்க்கும்போது இடப்பக்கம். 30 நாய்களைப் படம்பிடித்துப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். படித்த மறுநாள் நானும் மல்லியின் வாலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வெறுங்கண்ணுக்கு அவ்வளவு எளிதில் பிடிபடுகிற வித்தியாசமா அது!

இன்னொரு ஆய்வு என் மனசை நிஜமாகவே தொட்டது. அடைக்கு வைத்த முட்டை காணாமல் போனால் எங்கள் வீட்டில் செவலையைத்தான் கூப்பிடுவார்கள். அது வாலைக் கவட்டுக்குள் சுருட்டி, கண்ணின் வெள்ளை தெரியத் தரையோடு ஒட்டி வரும். திருட்டு முழியைப் பார் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அந்த முழி நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. எஜமான் திட்டுகிறாரா என்பதைப் பொறுத்தே வருகிறது என்று தெரிந்தது. நம் கோபத்தைக் கண்டு அஞ்சுகிற முகத்தை நாம் குற்றம் செய்த முகமாக வாசித்திருக்கிறோம். முட்டையைக் கீரியோ பாம்போ தின்றிருக்கலாம். இதை அம்மா உயிரோடு இருந்தபோது சொல்ல முடிந்திருந்தால், நிச்சயம் ஒரு கை சோறு கூடுதலாகப் போட்டிருப்பாள்.

ஆக, நாய் சொல்வது என்ன என்று தெரிந்துகொள்ள இன்று வழி பெருகியிருக்கிறது. அதைச் சொல்லவிடுகிற இடம்தான் குறைந்துவிட்டது. திறந்த காட்டில் முன்பின் தெரியாத இரண்டு நாய்கள் ஒன்றையொன்று நேருக்கு நேராகப் பெரும்பாலும் நெருங்குவதில்லை. வளைந்து, பக்கவாட்டில், தரையை மோந்துகொண்டே வரும். வளைவில் வருவதுதான் அங்கே மரியாதை. இரண்டு பேர் எதிரெதிரே கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தால் அந்த வளைவுக்கு வழியேது? கயிறு இறுகினால் நெஞ்சு தூக்கப்படுகிறது, பாரம் முன்னுக்குப் போகிறது, நாய் நினைக்காத சண்டையை அதன் உடம்பு சொல்லிவிடுகிறது. நெடுஞ்சாலையும் கம்பிவேலியும் உள்ள ஊரில் கயிறு வேண்டாம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். நீளமான கயிறு போதும். அதைத் தொங்கவிட்டு மல்லி இஷ்டத்துக்கு நடந்தால் செவலை செய்த அத்தனையையும் அவளும் செய்கிறாள். போன மாதம் வேலிக்கருவேல் புதருக்குள் மயில் ஒன்று இறகை உதறியதும் ஒரு காலைத் தூக்கியபடி நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

உங்கள் வீட்டில் நாய் இருந்தால் ஒன்றிரண்டு காரியம் செய்யுங்கள். வெயில் ஏறுமுன் கூட்டிப்போங்கள். தார்ச்சாலையில் புறங்கையைச் சில நொடி வைக்க உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. மோந்துகொண்டு நிற்கும்போது இழுக்காதீர்கள், அது ஊர்ச் சேதி படிக்கிற நேரம். முகத்தைத் திருப்பிக் கொட்டாவி விடும் நாயைப் பிள்ளைகள் கட்டிப்பிடிக்க விடாதீர்கள், ஏன் கூடாது என்றும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். வாரத்தில் ஒருநாளாவது கல் நடாத ஒரு புஞ்சையோ, நீர் வற்றிய ஒரு கண்மாய்க்கரையோ தேடிப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நாயை முன்னால் விட்டு, அது பார்க்கும் இடத்தை நீங்களும் பாருங்கள்.