நார்மல் ஆன பிறகும் மாத்திரையா?

கேள்வி: பிரஷர் 120-க்கு இறங்கிவிட்டது. இன்னும் எதற்கு அம்லோடிபின்? மருந்துக்கடைக்காரர் பிழைக்கவா?

பதில்: குடைக்குள் நனையவில்லை என்பதற்காக, மழை விட்டுவிட்டது என்று குடையை மடக்குவீர்களா? 120-க்கு இறக்கியதே அந்த மாத்திரைதான். ரத்தக்குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதை அம்லோடிபின் தடுக்கிறது. தசை தளர்ந்து குழாய் விரிகிறது, அழுத்தம் குறைகிறது. மருந்து உடலில் இருக்கும்வரைதான் இந்த வேலை நடக்கும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். அதனால் நிறுத்திய மறுநாள் அளந்தாலும் எண் நன்றாகவே இருக்கும். பலரும் ஏமாறுவது அந்த இடத்தில்தான். சில நாட்களில் அழுத்தம் பழையபடி ஏறும், பெரும்பாலும் ஒரு தலைவலிகூடத் தராமல். பக்கவாதமே முதல் அறிகுறியாக வந்தவர்கள் உண்டு.

‘ஆரம்பித்தால் அடிமையாகிவிடுவோமே’ என்பார்கள். ஏங்க வைக்கும் மருந்தல்ல இது. நோய் நீடிப்பதால் மருந்தும் நீடிக்கிறது. கணுக்கால் வீங்குகிறது என்ற புகாரில் நியாயம் உண்டு, இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு அது. அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழி இருக்கிறது. எடையும் உப்பும் குறைந்தால் (உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள்) சிலருக்கு மாத்திரையும் குறையலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். கடைக்காரர் பிழைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே இலவசமாக வருகிறது. தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.